நோய்க்கு மாத்திரை உண்டு. சத்துக்கு என்ன வழி?

(பண்ணை வானொலி உரை)



நெல் நட்டு மூன்று வாரம் ஆகிறது. பயிர் எழும்பவில்லை. இலையில் துரு நிறத்தில் புள்ளி விழுகிறது. யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. இதைப் பார்த்த உடனே என்ன சொல்வீங்க? “துத்தநாகம் குறைஞ்சிருக்கு, ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட் போடணும்” என்று சொல்லிவிடுவீர்கள். ‘கைரா’ என்று பெயர் பெற்ற இந்தக் கோளாறுக்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று 1966-ல் பந்த்நகரில் ஒய். எல். நெனே என்ற அறிஞர் எடுத்துச் சொன்னார். இன்றைக்கு அது நம் ஊர் விவசாயிக்கு அத்துபடி.

இன்னும் இரண்டு விஷயம் உங்களுக்குத் தெரியும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும், சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் வேரால் அதை எடுக்க முடியாது. கரும்பும் கடலையும் வெளுத்துப் போகும். ஜிங்க் சல்பேட்டை டி.ஏ.பி.யோடு கலந்து போடக்கூடாது. மணிச்சத்து துத்தநாகத்தைக் கட்டிப் போட்டுவிடும். அதாவது சத்து இருந்தால் மட்டும் போதாது. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரணும்.

நம் உடம்பும் இப்படித்தான். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு என்று வருஷக் கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்போது வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். நோய்க்கு மாத்திரை போகிறது, சரி. ஆனால் அந்த நோயாலும், சில சமயம் அந்த மாத்திரையாலுமே, உடம்பில் ஒரு சத்து மெல்ல மெல்ல வற்றிப் போவதை நாம் கவனிப்பதில்லை. “வயசாகிப் போச்சு, அதான் அசதி” என்று விட்டுவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான்கு வழியில் சத்துக் குறையும்

முதல் வழி, சாப்பாட்டிலேயே அந்தச் சத்து இல்லாதது. வயலுக்கு உரமே போடாத மாதிரி.

இரண்டாவது, சாப்பிடுகிறோம், ஆனால் குடல் உறிஞ்சவில்லை. வேர் எடுக்காத மாதிரி.

மூன்றாவது, உறிஞ்சியது வெளியே போய்விடுகிறது. மணற்பாங்கான நிலத்தில் போட்ட யூரியா தண்ணீரோடு கீழே இறங்கிவிடுகிற மாதிரி. மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு, மூலம், வயிற்றுப்புண், கொக்கிப்புழு, நீர் பிரிய வைக்கும் மாத்திரை எல்லாம் இந்த வகை.

நான்காவது, சத்து உள்ளே இருந்தும் உடம்பு அதைப் பயன்படுத்த முடியாத நிலை. சிறுநீரக நோயில் இதைப் பார்க்கலாம்.

எந்த வழியில் குறைந்தது என்று தெரியாமல் ‘சத்து டானிக்’ வாங்கிக் குடிப்பது, மண் பரிசோதனை செய்யாமல் மூட்டை மூட்டையாக உரம் கொட்டுகிற கதைதான்.

சர்க்கரை மாத்திரையும் பி12 சத்தும்

சர்க்கரை நோய்க்கு முதலில் தரும் மாத்திரை பெரும்பாலும் மெட்பார்மின். 1957 முதல் பயன்பாட்டில் இருக்கிற நல்ல மருந்து. விலையும் குறைவு. அதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. நாம் சாப்பிடும் பி12 என்ற வைட்டமின் சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அந்த வேலைக்குச் சுண்ணாம்புச் சத்தின் துணை தேவை. மெட்பார்மின் அந்த இடத்தில் குறுக்கிடுகிறது.

நெதர்லாந்து நாட்டில் 390 சர்க்கரை நோயாளிகளை நாலு வருஷத்துக்கும் மேலாகக் கவனித்தார்கள். 2010-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. மெட்பார்மின் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் பி12 அளவு சராசரியாக 19 சதவீதம் குறைந்திருந்தது. வருஷம் ஆக ஆகக் குறைவும் கூடிக்கொண்டே போனது. 2022-ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மெட்பார்மின் சாப்பிடுவோருக்கு பி12 குறைவது பரவலாகக் காணப்படுகிற ஒன்று, அறிகுறி இருந்தால் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. மாத்திரையின் அளவு கூடினாலும், சாப்பிடும் காலம் நீண்டாலும் இந்தக் குறைவு வரும் வாய்ப்பு அதிகம்.

“நான் அஞ்சு வருஷமா சாப்பிடுறேன், ஒண்ணும் ஆகலையே?” என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டிய பி12 வெறும் இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் இரண்டு பங்கு. ஆனால் நம் கல்லீரல் சில வருஷத்துக்குப் போதுமான பி12 சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. குதிரில் நெல் இருக்கிற வரைக்கும் புது நெல் வீட்டுக்கு வராதது தெரியாது. குதிர் காலியான அன்றைக்குத்தான் தெரியும். அதுபோல, மூன்று, நாலு, ஐந்து வருஷம் கழித்துத்தான் குறைவு வெளியே தலை காட்டும்.

எப்படித் தலை காட்டும்? நாக்கு வழவழவென்று சிவந்து எரியும். முகம் வெளுக்கும். நடந்தால் மூச்சு வாங்கும். மறதி வரும். கால் பாதத்தில் எறும்பு ஊர்வது போலவும், ஊசி குத்துவது போலவும் இருக்கும். இரவில் பாதம் எரியும். இருட்டில் வரப்பில் நடந்தால் தடுமாறும்.

இங்கேதான் ஒரு சிக்கல். பாதம் எரிவதும் மரத்துப் போவதும் சர்க்கரை நோயாலேயே வரும். அதனால் நோயாளியும் “சர்க்கரைதான்” என்கிறார். வீட்டாரும் “சர்க்கரைதான்” என்கிறார்கள். ஆனால் ஒரே காலில் இரண்டு காரணமும் சேர்ந்து வேலை செய்யலாம். சர்க்கரையால் வந்த நரம்புச் சேதத்தைத் திருப்புவது கடினம். பி12 குறைவால் வந்ததை, சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். தாமதமாகிவிட்டால் அதுவும் நிரந்தரமாகத் தங்கிவிடும். ஆறு மாதத்தில் பார்ப்பதற்கும் ஆறு வருஷம் கழித்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

விவசாயிக்கு இது இன்னும் பெரிய விஷயம். நாம் சேற்றிலும் முள்ளிலும் நிற்கிறவர்கள். உணர்ச்சி இல்லாத காலில் கருவேல முள் ஏறினால் தெரியாது. இரண்டு நாள் கழித்துச் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். சர்க்கரை உள்ள உடம்பில் அந்தப் புண் ஆறுவது கஷ்டம். விரலை எடுக்க வேண்டி வரலாம், பாதத்தையே எடுக்க வேண்டியும் வரலாம். ஆகையால் பாதத்தில் மதமதப்பு தெரிந்தவுடன் சொல்லிவிடுங்கள். தினம் இரவு படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கு உட்பட, பாருங்கள். குனிந்து பார்க்க முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இதையெல்லாம் கேட்டுவிட்டு மெட்பார்மினை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை ஏறிவிட்டால் கண், சிறுநீரகம், கால் மூன்றுக்கும் கேடு. மருந்தும் வேண்டும், சத்தும் வேண்டும். ரத்தத்தில் பி12 அளவு பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று கொள்வார்கள். 200-க்கும் 300-க்கும் நடுவில் இருந்தால் அறிகுறியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஊசியா, மாத்திரையா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

பி12 எதில் இருக்கிறது?

கீரை, காய், பருப்பு, தானியம் எதிலும் பி12 கிடையாது. பால், தயிர், மோர், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில்தான் உண்டு. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம், ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் இருக்கும். நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீனிலும் உண்டு. ஈரலில் மிக அதிகம். ஆனால் கொழுப்பு, யூரிக் அமிலம் உள்ளவர்கள் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம்.

இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். மாடு வளர்க்கிறவர்கள் நாம். விடியற்காலையில் கறந்த பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, வீட்டில் கடுங்காப்பி போட்டுக் குடிக்கிறோம். பால் காசு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு சர்க்கரை நோயாளியும், ஒரு கர்ப்பிணியும், ஒரு கிழவியும் இருந்தால் அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு டம்ளர் எடுத்து வைத்த பிறகு மீதியை ஊற்றுங்கள். சுத்த சைவக்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கணும்.

பழைய சோறு நல்ல உணவுதான். ஆனால் அதை நம்பி பி12 குறைவைத் தீர்க்க முடியாது. சுருள்பாசி மாத்திரையில் பி12 உண்டு என்று விற்பார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்பு ஏற்காத போலி வடிவம். பெயர் ஒன்று, வேலை வேறு.

ரத்தசோகை: காரணம் ஒன்றல்ல

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11-க்கும், ஆணுக்கு 13-க்கும் குறைந்தால் ரத்தசோகை.

இதில் இரும்புக் குறைவு பெரும் பங்கு. ஆனால் இரும்பு மட்டுமே காரணம் இல்லை. 1928 முதல் பம்பாயில் ஆராய்ச்சி செய்த லூசி வில்ஸ் என்ற பெண் டாக்டர், ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையைப் பார்த்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது குணம் தெரிந்தது. 1931-ல் எழுதினார். பின்னால் அந்தச் சாற்றிலிருந்த சத்துதான் போலிக் அமிலம் என்று தெரிய வந்தது. கீரை, பயறு, கொண்டைக்கடலையில் அது நிறைய உண்டு.

ஓர் எச்சரிக்கை. பி12 குறைந்த ஒருவருக்குப் போலிக் அமிலம் மட்டும் தொடர்ந்து கொடுத்தால் ரத்தம் ஊறிவிடும், முகம் தெளியும். ஆனால் உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். களையை மேலே அறுத்துவிட்டு வேரை விட்ட மாதிரி. அதனால்தான் காரணம் பார்த்துக் கொடுக்கணும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சர்க்கரை நோயாளிக்கு இரும்புக் குறைவும் இருந்தால் இன்னொரு குழப்பம் வரும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை என்று ஒரு பரிசோதனை செய்கிறார்கள் அல்லவா, அது உண்மையான அளவை விடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். எனவே ரத்தசோகை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடோ நெல்லிக்காயோடோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும். சாப்பாட்டில் உள்ள இரும்புக்கும் இதே கணக்கு. பருப்புக் கீரையில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தாலே வித்தியாசம் உண்டு. டீயும் காப்பியும் இரும்பைக் கட்டிப் போடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயைத் தள்ளி வையுங்கள். களை எடுக்கும் பெண்கள் பத்து மணிக் கஞ்சியோடு டீ குடிக்கும் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் நல்லது. இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரை சாப்பிடாதவருக்குத் தார் மாதிரிக் கறுத்துப் போனால் அது வயிற்றில் ரத்தக் கசிவாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

கொக்கிப்புழுவை மறந்துவிடாதீர்கள். மலம் கழித்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் அதன் குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு பக்கம் இரும்பு மாத்திரை, மறுபக்கம் புழு என்றால் ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் இறைத்த கதைதான். பூச்சி மாத்திரை, கழிப்பறை, செருப்பு மூன்றும் சேர்ந்தால்தான் இது தீரும்.

மாத்திரைக்கும் மாத்திரைக்கும் வரப்பு

ஜிங்க் சல்பேட்டையும் டி.ஏ.பி.யையும் பிரித்துப் போடுகிற மாதிரி சில மாத்திரைகளையும் பிரித்துச் சாப்பிட வேண்டும்.

தைராய்டு குறைவுக்கான மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் அதற்கு நாலு மணி நேரம் தள்ளித்தான். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை வேலை செய்யாது. “டோஸ் பத்தலை” என்று மேலும் மேலும் கூட்டுவார்கள். அதேபோல இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள்.

நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் என்று மாத்திரை வாங்கி வருஷக் கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயிற்று அமிலம் குறைந்தால் பி12, இரும்பு இரண்டும் சரியாகச் சேராது. மெக்னீசியமும் குறையலாம். மெட்பார்மினோடு இதையும் சேர்த்து நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 இரண்டு பக்கமும் அடைபடுகிறது. எத்தனை வாரம் சாப்பிடணும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரத்தக் கொதிப்புக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் நீர் மாத்திரை சிலவற்றால் பொட்டாசியம் வெளியே போகும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், உடம்பு துவளும். ஆனால் எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற வேறு சில கொதிப்பு மாத்திரைகள் பொட்டாசியத்தை உள்ளேயே நிறுத்தி வைக்கும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்ய முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் வாழைப்பழம் சாப்பிட்டுக் குணமானார் என்பதற்காக நீங்களும் சாப்பிடக்கூடாது.

காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் மருந்து பி6 சத்தைக் குறைத்துக் கை கால் எரிச்சலை உண்டாக்கும். சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 1960-களிலேயே இதை ஆராய்ந்து, பி6 கொடுத்தால் தடுக்கலாம் என்று காட்டினார்கள். ஆகவே கூடவே தரும் அந்தச் சின்ன வைட்டமின் மாத்திரையை அலட்சியமாகத் தூக்கிப் போடாதீர்கள்.

இருதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீரையில் உள்ள கே வைட்டமின் அந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும். கீரையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம், ஒரே வாரத்தில் கட்டுக் கட்டாகத் தின்னவும் வேண்டாம். எப்போதும் ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் கெட்டவருக்கு வேறு கணக்கு

இதுவரை சொன்னது எல்லாம் ‘குறைகிறது, கூட்டு’ என்ற கணக்கு. சிறுநீரக நோயில் கணக்கு திரும்பிவிடும். ரத்தம் ஊறத் தூண்டும் ஒரு சுரப்பை உண்டாக்குவது சிறுநீரகம்தான். டி வைட்டமினைக் கடைசியாக வேலைக்கு ஏற்ற வடிவமாக மாற்றுவதும் அதுதான். அது கெட்டுவிட்டால், பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் எவ்வளவு சாப்பிட்டாலும் ரத்தசோகை முழுதாகத் தீராது. வெயிலில் நாள் முழுக்க நின்றாலும் எலும்பு வலுவாகாது. அதற்குத் தனி மருந்து உண்டு.

ஆனால் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். அளவு மீறினால் இருதயத் துடிப்பு நின்றுபோகும் ஆபத்து உண்டு. ஓர் இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கலாம். நமக்குக் குளிர்ச்சி தரும் இளநீர் அவருக்கு விஷமாகலாம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்கிறார்களே, அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை நிறுத்தி வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். உடம்பு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் சிறுநீரகத்துக்குக் கேடு.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரையும், எந்த வேளை, எத்தனை வருஷமாக என்பதையும் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். நாட்டு மருந்து, லேகியம், டானிக் எதையும் விடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது அதைக் கொண்டு போங்கள். நிலத்துப் பட்டாவைப் பத்திரமாக வைக்கிற மாதிரி இதையும் வையுங்கள்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது, சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடி வரலாயின. முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் மாத்திரை வாசலுக்கு வந்தாலும் பரிசோதனைக்கு நாம்தான் போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஹீமோகுளோபின், சிறுநீரகச் செயல்பாடு, பாத உணர்ச்சி இவற்றைப் பாருங்கள். நாலைந்து வருஷமாக மெட்பார்மின் சாப்பிட்டு வருகிறவர்கள் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். “பார்க்கணுமா டாக்டர்?” என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

அசதிக்கு ‘சத்து ஊசி’, குளுக்கோஸ் பாட்டில் என்று போகாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது எரிகிற வைக்கோலில் எண்ணெய் ஊற்றுவது போல.

சாப்பாட்டில், சோற்றைக் குறைத்துப் பயறு, கீரை, காய், மோர், முடிந்தால் முட்டை, மீன் கூட்டுங்கள். கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் கேழ்வரகுக் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாது என்று நினைக்காதீர்கள். அளவாக, கீரையோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். ஒரு கொய்யாக்காய் போதும், அன்றைய சி வைட்டமின் கிடைத்துவிடும். அயோடின் உப்பை மூடி போட்ட டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

பெரியோர்களே, இலை வெளுத்தால் அன்றைக்கே வேளாண் அலுவலரிடம் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டுகிறோம். நம் வீட்டு அம்மாவின் முகம் வெளுத்து ஒரு வருஷம் ஆகிறது, அப்பாவின் கால் மரத்து இரண்டு வருஷம் ஆகிறது. பயிர் போனால் அடுத்த போகம் உண்டு. நரம்புக்கு அடுத்த போகம் கிடையாது. இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள்.